எடைக்கு விற்பதா, பயனுக்கு விற்பதா?

ஒரு பொருளுக்கு இருவகை மதிப்பு உண்டு. ஒன்று, அது எதனாற் செய்யப்பட்டதோ அந்த மூலப்பொருளின் மதிப்பு. மற்றையது, அது செய்யும் தொழிலின் மதிப்பு. ஓட்டை விழுந்த குடத்தைப் பித்தளை விலைக்குக் கொடுக்கலாம், அதிற் பிழையில்லை. நீர் மொள்ளத்தக்க நல்ல குடத்தையும் பித்தளை விலைக்கே கொடுப்பவன் தன் கைப்பொருளை வீணே இழக்கின்றான். எல்லோரும் அறிந்த குடத்தில் இத்தவறு நிகழ்வது அரிது. பெட்டிக்குள் அடைபட்டிருந்து, பல்லாண்டுகள் உழைத்து, ஒருநாள் வேண்டாதவையென ஒதுக்கப்படும் பொறிகளிலோ இத்தவறு எளிதில் நிகழ்ந்துவிடுகின்றது. அவற்றுள் ஒன்று உலர்வகை நிலைமாற்றி. தமக்கு மிகையான உலர் நிலைமாற்றிகளைத் தொழிற்சாலைகளும் பெருங்கட்டிடங்களும் எங்ஙனம் விற்கின்றன, அவ்விற்பனையில் அறியவேண்டியன யாவை என்பனவற்றை நேயர்களுக்கு இங்கு விளக்க முற்படுகின்றேன்.

நிலைமாற்றி என்பது யாது? மின்மாற்றி என்றும், பேச்சுவழக்கில் ரான்ஸ்போமர் என்றும் வழங்குவது இதுவே. ஓர் இரும்பு அகணியின்மேல் இரு கம்பிச்சுருள்கள் சுற்றப்பட்டுள்ளன. முதற்சுருளில் ஆடலோட்டம் பாயும்போது அகணியிலே காந்தப்பாயம் ஏறியும் இறங்கியும் மாறுகின்றது. அம்மாற்றம் இரண்டாம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றது. சுற்றுகளின் விகிதம் எதுவோ, அதுவே அழுத்தங்களின் விகிதமாகும். இத்தூண்டலை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்டறிந்தார். 1885ஆம் ஆண்டில் புடாபெஸ்ற் நகரத்துக் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, தேரி என்னும் மூவர் நடைமுறைக்கு உகந்த நிலைமாற்றியை ஆக்கினர். அடுத்த ஆண்டில், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் உள்ள கிறேற் பாரிங்டன் என்னும் ஊரில், வில்லியம் ஸ்ரான்லி நிலைமாற்றிகளின் துணைகொண்டு விளக்குகளை ஏற்றிக் காட்டினார்.

சுருளில் ஓட்டம் பாய்ந்தால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பத்தை அகற்றச் சுருள்களையும் அகணியையும் எண்ணெயில் அமிழ்த்திவைப்பது ஒரு வழி. தெருவோரக் கம்பங்களில் நாம் காண்பன பெரும்பாலும் அவ்வகையின. எண்ணெயின்றிக் காற்றினாலேயே குளிர்விப்பது மற்றொரு வழி. இவ்வகையிற் சுருள்கள் வார்னிசில் தோய்த்து உலர்த்தப்படுகின்றன; அல்லது எபொக்சிப் பிசினில் வார்க்கப்படுகின்றன. பிசின் வார்ப்பு முறை 1960களில் ஐரோப்பாவிற் பரவலாயிற்று. எண்ணெய் இல்லாமையால் இவற்றில் ஒழுக்கு இல்லை, தீயச்சமும் குறைவு. ஆதலின் மருத்துவமனை, பாடசாலை, அலுவலகம், தொழிற்சாலை முதலியவற்றின் உள்ளே வைக்க இவையே விரும்பப்படுகின்றன.

இவ்வகை நிலைமாற்றிகள் மிகுதியாக வாங்கி விற்கப்படும் நாடு அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகும். அங்கே பெரிய கட்டிடங்களுக்கு மின்சாரம் பெரும்பாலும் மூன்று அவத்தை 480 வோல்ற்று அழுத்தத்தில் வருகின்றது. பெரிய மோட்டர்கள் அதனை நேரே பயன்படுத்துகின்றன. விளக்கு, கணினி, சிறு கருவிகள் முதலியவற்றுக்கோ 208 வோல்ற்றும் 120 வோல்ற்றும் வேண்டும். ஆகவே, கட்டிடத்தின் உள்ளேயே அழுத்தத்தைத் தாழ்த்த உலர் நிலைமாற்றிகளை வைக்கின்றனர். 15, 30, 45, 75, 112.5, 150, 225, 300 கே. வி. ஏ. என அளவுகள் வழக்கில் உள்ளன. ஒரு பெருங் கட்டிடத்தில் இவை பலவாக இருப்பதுண்டு.

இவை மிகையாவது எவ்வாறு? தொழிற்சாலை மூடப்படலாம், கட்டிடம் இடிக்கப்படலாம், மின்தேவை பெருகியதால் 75 கே. வி. ஏ. இருந்த இடத்தில் 150 வைக்க நேரலாம். ஒப்பந்தகாரர் வாங்கிய பின்னர் வேலை நின்றுபோகலாம். அப்போது பெட்டியைப் பிரிக்காத புதிய நிலைமாற்றியே மிகைப்பொருளாகிவிடும். இவை யாவற்றிலும் பொறி பழுதுற்றதால் விற்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நிலைமாற்றியின் சுருளிலும் அகணியிலும் சுழன்று தேயும் உறுப்பு எதுவும் இல்லை. அதன் ஆயுளை நிர்ணயிப்பது சுருளைச் சூழ்ந்துள்ள காவலிப்பொருளே. காவலி வெப்பத்தால் முதுமையடைகின்றது. அளவோடு சுமையேற்றி, தூசியும் ஈரமும் அணுகாமற் காத்த நிலைமாற்றி பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆகவே, இருபதாண்டு உழைத்த ஒன்றில் இன்னும் நெடுநாளைய பயன் எஞ்சியிருத்தல் கூடும்.

வாங்குவோர் மூவகையினர். முதல்வகையினர் கழிவுலோகம் வாங்குவோர். இவர்கள் தராசையே நம்புவர்; செம்புக்கும் இரும்புக்கும் விலை கூறி, பொறியை உடைத்து உருக்க அனுப்புவர். இரண்டாம் வகையினர் பழைய மின்சாதனங்களை வாங்கித் துப்புரவாக்கி, சோதித்து, உத்தரவாதத்துடன் மறுபடி விற்கும் வணிகர். மூன்றாம் வகையினர் தம் தேவைக்கே நேராக வாங்குவோர். உடனடித் தேவையுடையோர் புதிய பொறிக்குக் காத்திருக்க இயலாது. 2021ஆம் ஆண்டுக்குப் பின்னர் அமெரிக்காவில் நிலைமாற்றிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, சில வகைகளுக்கு ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. ஒரு நிலைமாற்றி எரிந்துபோனதால் முழுத் தொழிற்சாலையும் நின்றிருக்கும் வேளையில், நாளையே வந்து சேரக்கூடிய பழைய பொறியின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ? தராசு இந்த அருமையைக் காட்டாது.

ஆகவே, விற்பவன் செய்யவேண்டிய முதற்காரியம் பெயர்த்தகட்டைப் படித்தலாகும். ஒவ்வொரு நிலைமாற்றியின் உடலிலும் ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். செய்தவர் பெயர், தொடரிலக்கம், கொள்ளளவு, முதற்சுருளின் அழுத்தம், இரண்டாம் சுருளின் அழுத்தம், அவத்தை, மீடிறன், வெப்ப ஏற்றம், எடை முதலியன அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். இத்தகட்டைத் துடைத்துத் தெளிவான புகைப்படம் எடுத்து அனுப்பினால், வாங்குவோர் கேட்கும் வினாக்களுட் பாதிக்கு விடை கிடைத்துவிடும். தகடு இல்லாத நிலைமாற்றியோ பிறப்புச் சான்றில்லாத பிள்ளை போன்றது. அதன் தகுதியை நிறுவுவது பெரும்பாடு.

தகட்டிலுள்ள எண்கள் விலையை எவ்வாறு ஆள்கின்றன என்பதைச் சிறிது நோக்குவோம். 480 வோல்ற்றிலிருந்து 208, 120 வோல்ற்றுகளுக்கு இறக்கும் நிலைமாற்றி எங்கும் வேண்டப்படுவது, எளிதில் விலைபோகும். ஒரு தனி இயந்திரத்துக்கென வழக்கிலில்லாத அழுத்தத்தில் ஆக்கப்பட்டது புதியதாயினும் தேங்கிக் கிடக்கும். வெப்ப ஏற்றம் 150, 115, 80 பாகை செல்சியசு என மூன்று நிலைகளில் வரும். ஏற்றம் குறைந்தது குளிர்ச்சியாக ஓடும், நீடித்து உழைக்கும், ஆகவே அதற்கு மதிப்பு அதிகம். சுருள் செம்பாலானதா, அலுமினியத்தாலானதா என்பதும் கேட்கப்படும். இரண்டும் நன்கு உழைப்பனவே. எனினும் செம்பை விரும்பிக் கேட்போர் உளர். அலுமினியச் சுருளைச் செம்பென்று கூறி விற்றவன் மறுமுறை அச்சந்தையில் தலைகாட்ட இயலாது.

ஆக்கப்பட்ட ஆண்டும் முக்கியமானது. அமெரிக்காவிற் புதிதாக ஆக்கப்படும் தாழ்வழுத்த உலர் நிலைமாற்றிகளுக்கு 2007ஆம் ஆண்டு தொடக்கம் வினைத்திறன் விதியொன்று நடைமுறைக்கு வந்தது. 2016ஆம் ஆண்டில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. இவ்விதிகள் புதிய ஆக்கத்தைப் பற்றியவையாயினும், பழையதை வாங்குவோனும் இவ்வாண்டுகளை மனத்திற் கொள்கின்றான். ஏனெனில், விளக்கொன்றும் எரியாத நள்ளிரவிலும் நிலைமாற்றியின் அகணி சிறிது மின்சாரத்தை உண்டுகொண்டேயிருக்கும். அவ்விழப்பு 300 வாற்று என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். ஆகவே இழப்பு 2,628 அலகுகள். மலிவாக வாங்கிய பழம்பொறி மின்கட்டணத்தில் அம்மலிவைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் கூடும். இரவு பகலாய்ப் பல்லாண்டு ஓடவேண்டிய இடத்துக்குப் புதியதும், அவசரத்துக்கும் தற்காலிக வேலைக்கும் பழையதும் பொருந்தும் என்பர் அனுபவமுடையோர்.

அடுத்தது பொறியின் வரலாறு. எங்கே இருந்தது, எவ்வளவு சுமை தாங்கியது, எப்போது நிறுத்தப்பட்டது, வெள்ளமோ தீயோ அணுகியதுண்டா என்பன மறைக்கப்படலாகாது. மின்னிணைப்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்பனைப் பேச்சைத் தொடங்குவது நன்று. ஓடும் பொறியைத் தன் கண்ணாற் காணும் வாங்குவோன் ஐயமின்றி விலை பேசுவான்.

சொல் மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். மெகர் என்னும் கருவியாற் காவலித்தடையை அளந்தால், காவலி உறுதியாக உள்ளதா, ஈரம் பற்றியுள்ளதா என்பது புலனாகும். சுற்றுவிகிதச் சோதனை இன்னொன்று. மேலே கூறிய 480, 208 வோல்ற்று நிலைமாற்றியில், 480 வோல்ற்றைத் தாங்கும் ஒவ்வொரு சுருளுக்கும் எதிரே 120 வோல்ற்றைத் தரும் சுருளொன்று உண்டு. ஆகவே விகிதம் நான்குக்கு ஒன்று. அளந்த விகிதம் இதிலிருந்து நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேல் விலகுதல் ஆகாது, 3.98க்கும் 4.02க்கும் இடையில் அது அமைய வேண்டும். விலகினாற் சுருளினுள்ளே சுற்றுகள் தம்முள் ஒட்டியிருக்கலாம். இவ்விரு சோதனைகளின் பெறுபேறுகளைத் தேதியுடன் எழுதிய ஒரு தாள் பொறியோடு சென்றால், வாங்குவோனின் அச்சம் குறையும். அச்சம் குறைந்த அளவுக்கு விலை உயரும்.

நல்ல பொறியும் கழற்றும்போது கெடுவதுண்டு. மின்னிணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லையென அளந்து உறுதிசெய்வது தகுதிபெற்ற மின்தொழிலாளர் ஒருவரின் வேலை. பிறர் கைவைத்தல் உயிருக்கு ஆபத்து. கம்பிகளை வெட்டி எறிந்து பொறியை இழுப்பவன் முனைகளைச் சிதைத்துவிடுகின்றான். 75 கே. வி. ஏ. நிலைமாற்றி ஒன்றின் நிறை ஏறத்தாழக் கால் தொன் ஆகும். அதனைத் தூக்கும் வளையங்களிலோ அடித்தளத்திலோ தாங்கித் தூக்க வேண்டும். சுருளிற் கயிறு கட்டுதல் கூடாது. கழற்றிய பின்னர் மழையில் விடலாகாது. உலர் நிலைமாற்றிக்கு ஈரமே பகை. கூரையற்ற முற்றத்தில் ஒரு மாரி கழிந்தால், பயனுக்கு விற்கத்தக்கது எடைக்கு விற்கத்தக்கதாக மாறிவிடும்.

எண்ணெய்வகைப் பொறிகளை விற்பதில் உள்ள ஒரு தொல்லை இங்கு இல்லை. பழைய நிலைமாற்றிகள் சிலவற்றில் பி. சி. பி. எனப்படும் நச்சுத்திரவம் நிரப்பப்பட்டிருந்தது. அதன் உற்பத்தியை அமெரிக்கா 1979ஆம் ஆண்டிலே தடைசெய்தது; 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை உலகெங்கும் அதனை ஒழிக்க வழிவகுத்தது. எண்ணெய்ப் பொறியை விற்பவன் திரவத்தைச் சோதித்துச் சான்று காட்ட நேரிடும். உலர்வகைக்கு அத்தடை இல்லாமை அதன் கைமாற்றை எளிதாக்குகின்றது.

வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கின்றதெனக் கேட்டு, இலங்கைக்கு இவற்றைத் தருவிக்க எண்ணுவோர்க்கு ஒரு சொல். அமெரிக்க மீடிறன் 60. நம் நாட்டு மீடிறன் 50. 480ஐ 60ஆல் வகுத்தால் 8. நமது 400 வோல்ற்றை 50ஆல் வகுத்தாலும் 8. ஆகவே, 480 வோல்ற்று அமெரிக்கச் சுருளை நமது 400 வோல்ற்றில் இணைத்தால் அகணி தாங்கும். ஆனால், மறுபுறத்தில் 120 வோல்ற்றுக்குப் பதிலாக 100 வோல்ற்றே கிடைக்கும், 75 கே. வி. ஏ. கொள்ளளவும் 62.5 ஆகக் குறையும். 230 வோல்ற்று வேண்டிய நம் விளக்குக்கும் விசிறிக்கும் அது உதவாது. எண்களைப் பாராது விலையை மட்டும் பார்த்து வாங்குபவன் விலைகொடுத்து இரும்பை இறக்குமதி செய்தவனாவான்.

இவற்றையெல்லாம் பொறியியலாளர் அல்லாதாரும் அறிதல் ஏன் என நேயர்கள் வினவலாம். பொதுச்சொத்தை ஒதுக்கும் தாளிற் கையொப்பமிடுவோர் எப்போதும் பொறியியலாளர் அல்லர். நம் அரசாங்கப் பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. "உபயோகமற்றது" என்னும் ஒரு சொல்லை எழுதுவது மிக எளிது. அச்சொல்லுக்குள் உடைந்த கதிரையும் அடங்கும். இன்னும் இருபதாண்டு உழைக்கக்கூடிய பொறியும் அடங்கும். நமக்கு உபயோகமற்றது என்பது ஒன்று. எவர்க்கும் உபயோகமற்றது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாவிடின், மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய பொருள் தராசுத் தட்டில் ஏறிவிடும். அதனை வாங்கியவன் தகட்டைப் படிக்கத் தெரிந்தவனாயின், எஞ்சிய பயன் முழுவதும் அவனது இலாபமாகும்.

ஆகவே, கையொப்பமிடுமுன் தகட்டைத் துடைத்துப் படியுங்கள், படித்ததை எழுதுங்கள், அறிந்தார் ஒருவரைக்கொண்டு சோதியுங்கள், ஒருவரிடம் மட்டும் கேளாது மூவரிடம் விலை கேளுங்கள், குறையுண்டாயின் அதனையும் மறையாது கூறுங்கள். பழுதுற்று உழைக்க மாட்டாததை எடைக்குக் கொடுப்பதில் இழிவில்லை. உழைக்க வல்லதை உழைக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பதே நல்ல விற்பனையாகும்.