தோட்டாவின் கீறல்களை நம்பிய வழக்கு

2015 ஆகஸ்ட் இறுதிக்கும் செப்டம்பர் 10-க்கும் இடையே, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகரான ஃபீனிக்ஸில், பெரும்பாலும் ஐ-10 நெடுஞ்சாலையில், 11 வாகனங்கள் தோட்டாக்களாலோ வேறு எறிபொருள்களாலோ தாக்கப்பட்டன. உயிரிழப்பு இல்லை, கண்ணாடி உடைந்து சிதறியதில் 13 வயதுச் சிறுமி ஒருவர் காயமடைந்தார். நகரமே அஞ்சிக்கிடந்த நிலையில், செப்டம்பர் 18 அன்று 21 வயது இளைஞர் ஒருவர் கைதானதும், ஆள் அகப்பட்டுவிட்டதாக மாநில ஆளுநர் டக் டூசி (அங்கே ஆளுநர் மக்கள் வாக்கால் வரும் ஆட்சித் தலைவர்) சமூக ஊடகத்தில் அறிவித்தார். விசாரணை தொடங்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டதற்கு ஒப்பான அந்த அவசரம் வருந்தத்தக்கது.

அடகுக் கடையிலிருந்து மீட்கப்பட்ட, கைதான இளைஞருடைய 9 மி.மீ. கைத்துப்பாக்கியே நான்கு தாக்குதல்களில் பயன்பட்டது என்ற காவல்துறை ஆய்வகத்தின் முடிவின் மீதுதான் வழக்கு நின்றது. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் சுருள் பள்ளங்கள், சீறிப் பாயும் தோட்டாவைச் சுழலச் செய்வதோடு அதன் மேல் கீறல்களையும் பதிக்கின்றன. பள்ளங்களின் எண்ணிக்கையும் திருகும் திசையும் ஒரே வகைத் துப்பாக்கிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியை அடையாளம் காட்டக்கூடியவை, குழலை வெட்டிய கருவியும் தேய்மானமும் விட்டுச்சென்ற நுண்கோடுகள் மட்டுமே. சம்பவ இடத்துத் தோட்டாவையும் சோதனைக்காகச் சுட்ட தோட்டாவையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் அருகருகே வைத்துச் சுழற்றி, கோடுகள் போதுமான அளவு ஒத்துப்போகின்றனவா என ஆய்வாளர் தீர்மானிக்கிறார். எவ்வளவு ஒத்தால் போதும் என்பதற்கு எண்ணிக்கை வரையறை பொதுவாக இல்லை. அது அவருடைய பயிற்சி சார்ந்த மதிப்பீடு.

ஆகஸ்ட் 30 அன்றே அத்துப்பாக்கி அடகுக்குப் போயிருந்ததால், செப்டம்பர்த் தாக்குதல்களை அதன் மேல் சுமத்த வழியில்லை. அரசுத் தரப்பே அமர்த்திய வெளி வல்லுநர், தோட்டாக்கள் அத்துப்பாக்கியிலிருந்து வந்தன என்றோ வரவில்லை என்றோ உறுதிசெய்ய முடியாது என்றார். 2016 ஏப்ரலில், ஏறத்தாழ ஏழு மாதச் சிறைவாசத்துக்குப் பின் இளைஞர் விடுவிக்கப்பட்டார். பின்னாளில் மீண்டும் தொடரும் வாய்ப்பை விட்டுவைத்து வழக்கைக் கைவிட அரசுத் தரப்பே கோரியது. விடுதலைத் தீர்ப்புக்கு இது ஈடாகாது, ஏனெனில் சந்தேகத்தின் நிழல் அவரை விட்டு நீங்குவதில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, துப்பாக்கித் தடயங்களை ஒப்பிடும் இம்முறையின் நம்பகத்தன்மையைச் சோதிக்கச் சரியாக வடிவமைக்கப்பட்ட ஆய்வு ஒன்றே உள்ளது என்றும், அதன்படி தவறான பொருத்தம் ஏறக்குறைய 66-க்கு ஒன்று என்றும் அறிக்கையிட்டது.