சக்கரம் சுழலும், வண்டி நகராது

செமினியைத் தாண்டி சுங்கை லாலாங் பக்கம் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐயா, தோட்டத்துக்கு நாலு சக்கரமும் இழுக்கிற ஏடிவி ஒன்று எடுக்கலாம் என்றிருக்கிறேன். மழை பேஞ்சா மேட்டு வரிசைக்கு லோரியும் ஏறாது, மோட்டாரும் ஏறாது. கடைக்காரத் தம்பி, ‘அங்கிள், ஆயிரம் சிசி எடுங்க, எந்தச் சேத்துலயும் பிச்சுக்கிட்டுப் போகும்’ என்கிறார். என் மகன் எழுநூறே போதும் என்கிறான். யார் சொல்வது சரி?”

மகன் சொல்வதுதான் சரி. அவர் விலையைப் பார்த்துச் சொல்லியிருப்பார். நான் மண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.

சந்தையில் பெரிய எஞ்சின் ஏடிவிகள் என்றால் பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கேன்-ஆம் அவுட்லாண்டர் 1000ஆர், பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் எக்ஸ்பி 1000 (952 சிசி), சிஎஃப்மோட்டோ சிஃபோர்ஸ் 1000 (963 சிசி). ஒரு படி கீழே கவாசாக்கி புரூட் ஃபோர்ஸ் 750, யமஹா கிரிஸ்லி 700 (ஒற்றை சிலிண்டர், 686 சிசி). விளம்பரத் தாள்களில் கொட்டை எழுத்தில் இருப்பது குதிரைத்திறன். 91 குதிரையோடு இருந்த அவுட்லாண்டர் 1000ஆர் புதிய வார்ப்பில் 101 ஆகியிருக்கிறது. மூன்று இலக்கம் வந்துவிட்டதாம், கொண்டாடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வண்டி 400 கிலோ, ஓட்டுபவர் 75 கிலோ. மொத்த எடை ஏறக்குறைய 4,660 நியூட்டன். மழைக்குப் பிந்தைய செம்மண்ணில் டயருக்குக் கிடைக்கும் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரமும் சேர்ந்து தரையைத் தள்ளக்கூடிய அதிகபட்ச விசை 1,400 நியூட்டன்தான். அதற்கு மேல் தள்ளினால் மண் வழுக்கிவிடும். தோட்டத்துக்குள் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகப் போவதில்லை, அதாவது விநாடிக்கு 4.2 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்குங்கள்: 5,800 வாட் சொச்சம். குதிரைக் கணக்கில் எட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

நூற்றியோரு குதிரையில் மண் வாங்கிக்கொள்வது எட்டு. மீதியை எழுப்பிவிட்டால் அவை வண்டியை நகர்த்தாது, சக்கரத்தைச் சும்மா சுழற்றும், சேற்றை வாரிப் பின்னால் வருபவர் முகத்தில் இறைக்கும். நியாயமாகச் சொன்னால், இடுப்பளவு சகதியில் விளையாடுகிறவர்களுக்கு அந்தச் சுழற்சியே தேவைதான். வேகமாகச் சுற்றினால்தான் டயர்ப் பட்டைகளுக்கு இடையில் அப்பிய சேறு கழன்று விழும். குலை இறக்கப் போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஆக, எஞ்சின் எவ்வளவு தரும் என்பது இங்கே கேள்வியே கிடையாது. நான்கு சக்கரங்களில் ஒன்று வழுக்கும்போது மற்ற மூன்றுக்கும் என்ன கிடைக்கிறது? கடையில் கேட்க வேண்டியது இது. விடை முன் அச்சின் நடுவே, உள்ளங்கையில் அடங்காத ஒரு உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் பெயர் டிஃபரென்ஷியல்.

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும், அதற்காகத்தான் டிஃபரென்ஷியல் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. வேகத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ள விடும் இந்தப் பெட்டி, முறுக்குவிசையை மட்டும் இரண்டு பக்கமும் சரிசமமாகத்தான் கொடுக்கும். ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் குறைக்க அதற்குத் தெரியாது.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு விபரீத விதி: அடுத்தடுத்த இரண்டு இலைகளுக்கும் எப்போதும் ஒரே அளவுதான் போட வேண்டும். வலது இலைக்காரருக்கு நல்ல பசி. இடது இலைக்காரர் ஒரு கைப்பிடிச் சோற்றோடு “போதும்” என்று கையை விரித்து இலையை மறைத்துவிடுகிறார். விதிப்படி வலது இலைக்கும் அதே ஒரு கைப்பிடிதான். சமையற்கட்டில் அண்டா எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, ஆயிரம் பேருக்கு வடித்திருந்தால்தான் என்ன, பசித்தவர் பசியோடே எழுந்து போக வேண்டியதுதான். சேற்றில் வழுக்கும் சக்கரம் அந்த இடது இலை. அதனால் வாங்க முடிந்த முறுக்குவிசை சொற்பம். கெட்டி மண்ணில் நிற்கும் வலது சக்கரத்துக்கும் அதே சொற்பம். ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்கினால் கதை முடிந்தது: அதற்கு ஏறக்குறைய பூஜ்யம், பக்கத்துச் சக்கரத்துக்கும் பூஜ்யம்.

ஆயிரம் சிசி என்பது பெரிய அண்டா. கடைக்காரத் தம்பி அண்டாவைக் காட்டுகிறார், பரிமாறும் விதியைச் சொல்வதில்லை.

பின் அச்சில் ஏடிவிக்காரர்கள் முரட்டுத்தனமான தீர்வைக் கண்டார்கள். பெரும்பாலான வண்டிகளில் பின்னால் டிஃபரென்ஷியலே கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். இரண்டு இலையையும் ஒன்றாகத் தைத்தாகிவிட்டது, யார் பசித்தவரோ அவர் சாப்பிட்டுக்கொள்ளட்டும். வளைவில் ஒரு டயர் தேய்ந்து இழுபட்டாக வேண்டும். காரில் 30 பிஎஸ்ஐ காற்று என்றால் ஏடிவி டயரில் ஐந்து, ஏழு. தொளதொளத்த டயர், இளகிய மண், சமாளித்துவிடுகிறது. உங்கள் வீட்டுப் புல்தரை சமாளிக்காது, அது வேறு.

முன் அச்சில் இது நடக்காது. திருப்புவதே முன்சக்கரங்கள், அவற்றைப் பிணைத்துவிட்டால் ஹேண்டில் கல்லாகிவிடும். கம்பெனிகள் வேறுபடுவது இங்கேதான்.

கிரிஸ்லியில் பொத்தான்: இரண்டு சக்கரம், நான்கு சக்கரம், முன் இரண்டையும் முழுதாகப் பூட்டிய நான்கு சக்கரம். எப்போது பூட்டுவது என்று ஓட்டுபவர் முடிவு செய்ய வேண்டும். புரூட் ஃபோர்ஸில் கைப்பிடியில் ஒரு லீவர்; அழுத்த அழுத்தப் பூட்டு இறுகும். நல்ல யோசனை, கை வலிக்கும் யோசனையும்கூட. கேன்-ஆமில் பல வார்ப்புகளில் இருக்கும் விஸ்கோ-லாக்கில் தேனைவிடக் கெட்டியான சிலிக்கோன் திரவம் வேலை செய்கிறது. இடது வலது சக்கரங்களின் வேகம் வேறுபட்டால் அந்த வேறுபாடே திரவத்தை அமுக்கும். அமுக்கம் கிளட்ச் தட்டுகளை நெருக்கும். டிஃபரென்ஷியல் தானாகப் பூட்டிக்கொள்ளும். முதலில் சற்று வழுக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும்.

என் மனதைக் கொள்ளை கொண்டது பொலாரிஸின் பெட்டி. அதைத் திறந்தால் வழக்கமான டிஃபரென்ஷியல் பல்சக்கரங்களே இருக்காது. வெளியே ஒரு வளையப் பல்சக்கரம். அதன் உட்சுவர் நேர்த்தியான வட்டம் கிடையாது, சிறு பள்ளமும் சரிவுமாக அலையலையாகக் கடைந்திருக்கும். நடுவில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு ஹப்கள். சுவருக்கும் ஹப்புக்கும் இடையில், ஒரு கூண்டுக்குள் வரிசையாகக் குட்டி எஃகு உருளைகள். பள்ளத்தில் கிடக்கும்வரை உருளைகள் யாரையும் தொந்தரவு செய்யாது. முன்சக்கரங்கள் தம்பாட்டுக்கு ஓடும்.

பொத்தானைப் போட்டால் ஒரு மின்காந்தம் ஒரு தட்டை இழுத்துப் பிடிக்கிறது. அந்த உரசலில் கூண்டு மயிரிழை பின்தங்க, உருளைகள் பள்ளத்தைவிட்டு நகர்ந்து சரிவின் வாசலில் போய் நிற்கின்றன. நிற்கின்றன, அவ்வளவுதான், இறுகவில்லை. ஏனென்றால் பல் எண்ணிக்கையைக் கணக்குப் பண்ணி, வளையத்தை முன்சக்கரத்தைவிட ஒரு மாற்று மெதுவாகச் சுழலும்படி வைத்திருக்கிறார்கள். பின்சக்கரங்கள் தரையைப் பிடித்து ஒழுங்காக ஓடும்வரை, தரையால் உருட்டப்படும் முன் ஹப்கள் வளையத்தை முந்திக்கொண்டே போகும். உருளைகளால் பிடிக்க முடியாது.

பின்சக்கரம் வழுக்குகிறது. எஞ்சின் வேகமெடுக்கிறது, வண்டி வேகமெடுக்கவில்லை. வளையம் ஹப்பை எட்டிப் பிடிக்கிறது. அந்தக் கணத்தில் உருளைகள் சரிவுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஆப்பாக இறுகி, இடது வலது இரண்டு ஹப்பையும் வளையத்தோடு பிணைத்துவிடுகின்றன. முறுக்குவிசை கூடக் கூடப் பிடியும் கூடும். பின்சக்கரத்துக்குத் தரை கிடைத்ததும் ஹப்கள் மறுபடி முந்தும், பிடி தானாகக் கழலும். வழுக்கலை அளக்க சென்சார் வேண்டாம், முடிவெடுக்கக் கணினி வேண்டாம். வழுக்கல் நடந்ததே கட்டளை. முதல் பந்தி சாப்பிட மறுத்த நொடியே இரண்டாம் பந்திக்கு இலை விழுகிறது, அதிலும் இரண்டு இலையும் தைத்த இலைகள். (பந்தியை இதற்கு மேல் இழுத்தால் பாயசத்துக்கு விளக்கம் கேட்பீர்கள், நிறுத்திக்கொள்கிறேன்.)

இந்த அழகுக்கு விலை உண்டு. மின்காந்தத்துக்குப் போகும் ஒயர் அறுந்தாலோ உள்ளே சேற்றுநீர் புகுந்தாலோ பொத்தான் போட்டபடியே இருக்கும், நான்கு சக்கர இழுவை இருக்காது. மேட்டில் நிற்கும்போதுதான் தெரியும். இறக்கத்தில் இன்னொரு சங்கடம். எஞ்சினை மெதுவாக்கி இறங்கும்போது ஹப்கள் வளையத்தை முந்துவதால் முன்சக்கரங்கள் எஞ்சினின் பிடியில் இருப்பதில்லை. பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தாங்குகின்றன. இதைச் சரிக்கட்ட அந்தக் கம்பெனியே சில வார்ப்புகளில் இறக்கக் கட்டுப்பாடு என்று தனியாக ஒன்றை வைத்திருக்கிறது. கிரிஸ்லியின் நான்கு சக்கரமும் எஞ்சினோடு பிணைந்தே இறங்கும். கோல சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டார்களே, அன்று தொடங்கி இன்றுவரை தோட்டத்தில் சிரமம் ஏறுவதில் பாதி, குலையோடு இறங்குவதில் பாதி. காலி வண்டி ஏறும், பாரவண்டி இறங்கும். விளம்பரப் படங்களில் எல்லா ஏடிவியும் ஏறிக்கொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வரலாறு கேட்பவர்களுக்காக: டிஃபரென்ஷியலுக்குப் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கூர் 1827இல் காப்புரிமை பெற்றார், நீராவி வண்டிக்காக. சீனர்களின் தென்திசை காட்டும் தேரிலேயே அது இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. தேர் ஒன்றும் மிஞ்சவில்லை, ஊகம் மிஞ்சியிருக்கிறது. ஹோண்டா 1970இல் மூன்று சக்கர ஏடிவியைக் கொண்டுவந்தது. ஆட்கள் கவிழ்ந்து கவிழ்ந்து விழ, 1988இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றது. அதற்குள் 1986இலேயே ஹோண்டாவின் நான்கு சக்கர இழுவை ஃபோர்டிராக்ஸ் வந்துவிட்டது. போதும்.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன வண்டிகள் எல்லாமே ஸ்கூட்டரில் உள்ளதைப் போல் ரப்பர் பெல்ட்டில் ஓடுபவை. பாரத்தோடு மேடேறும்போது ‘எல்’ கியரில் போடாமல் ‘எச்’சில் முக்கினால் பெல்ட் வழுக்கிச் சூடேறிப் பொசுங்கும். சிசி கூடினால் சீக்கிரம் பொசுக்கலாம். ஓடைத் தண்ணீர் பெல்ட் பெட்டிக்குள் போனாலும் வழுக்கும். பெல்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு ஹோண்டா ரூபிகான், ரின்கான் இருக்கின்றன, உள்ளே கியர்தான்.

கடையில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரப் பொத்தானைப் போட்டு, பிறகு எஞ்சினை அணைத்து, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு முன்சக்கரமும் அந்தரத்தில் இருக்க, ஒன்றைக் கையால் மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். மற்றது பின்னோக்கிச் சுற்றினால் உள்ளே டிஃபரென்ஷியல். லேசாகச் சுற்றினால் வெறும் டிஃபரென்ஷியல், முரண்டு பிடித்துச் சுற்றினால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் தட்டுகள் இருக்கின்றன. சக்கரம் அசையவே மறுத்தால் பூட்டு விழுந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தனித்தனியே சுற்றினால் அது உருளைப் பெட்டி. விஸ்கோ-லாக் கை வேகத்துக்கு விழிக்காது, வெறும் டிஃபரென்ஷியல் மாதிரியே நடிக்கும். அதை மட்டும் விற்பனையாளர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சுற்றுவதற்கு முன்பே என்ன நடக்கும் என்று கடைக்காரத் தம்பியைக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் அவரிடமே வாங்கலாம்.

செமினி வாசகருக்கு: உங்கள் சரிவுக்கும் பாரத்துக்கும் எழுநூறு சிசி வட்டாரத்தில், நான்கு சக்கரமும் எஞ்சினோடு பிணைந்து இறங்கும் வண்டியாகப் பாருங்கள். அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர் வரும். வாய்க்கால் மேல் போட்டிருக்கும் பலகைப் பாலத்தை இப்போதே அளந்துவிடுங்கள். நம் நாட்டில் ஏடிவியைப் பொதுச்சாலையில் ஓட்ட ஜேபிஜே விடாது, எனவே வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் 300 கிலோ வேறு, 400 கிலோ வேறு.

ஆயிரம் சிசியைத் தவிர்த்து மிச்சமாகும் வெள்ளியில் ஒரு வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) மாட்டுங்கள். எல்லாச் சக்கரமும் கைவிட்டால் அதுதான் கதி. கம்பிக்கயிற்றை நேராகச் செம்பனை மரத்தில் கட்டாமல் அகலப் பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். மரமும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். பக்கத்து மரத்தைவிடத் தள்ளியிருக்கும் மரமே நல்லது. ஏனென்றால் வின்ச்சின் உருளையில் கயிறு நிறையச் சுற்றியிருந்தால் விட்டம் பெரிதாகி இழுவை குறைந்துவிடும். அட்டையில் போட்டிருக்கும் முழு இழுவை, கயிற்றை ஏறக்குறைய முழுதாக விட்டு, உருளையோடு ஒட்டிய கடைசி அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போதுதான் கிடைக்கும். அந்த அடுக்கில் ஐந்து சுற்றாவது உருளையிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும்.