பெருங்குடற் பிதுக்கப்பை அழற்சி: நோயறிதலும் மருத்துவ நெறியின் மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்
பெருங்குடற் சுவரில் தோன்றும் சிறு பைகள் அழற்சியுறும் நிலையே டைவர்டிகுலைட்டிஸ் எனப்படும் பிதுக்கப்பை அழற்சியாகும். அந்நோய் தோன்றும் முறை, அதனை உறுதிசெய்யும் வழிகள், மருத்துவ நெறி அடைந்துள்ள மாற்றம் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது. நோயின் நிலையைப் பகுத்தறிவதே மருத்துவத்தைத் தீர்மானிக்கின்றது என்பது இதன் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பெருங்குடல், பிதுக்கப்பை, அழற்சி, சி.டி. ஸ்கேன், நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து.

நோய் தோன்றும் முறை
பெருங்குடலின் தசையடுக்கை இரத்தக் குழாய்கள் ஊடுருவும் இடங்கள் இயல்பாகவே வலுக்குறைந்தவை. குடலின் உள்ளழுத்தம் மிகும்போது உட்படலம் அவ்விடங்களின் வழியே வெளிப்புறம் பிதுங்கிப் பையாகின்றது. அகவை ஏற ஏற இப்பைகள் பெருகும். எனினும் பைகள் இருத்தல் வேறு, அழற்சி வேறு. பைகள் உடையோருள் 5 விழுக்காட்டிற்கும் குறைவானோர்க்கே அழற்சி உண்டாகின்றது. மேலைநாட்டினர்க்குப் பைகள் பெரும்பாலும் இடப்புறச் சிக்மாய்டு பகுதியில் அமைகின்றன. கிழக்காசிய மக்களிடத்து வலப்புறப் பைகள் மிகுதி. வலப்புற அழற்சி, குடல்வால் அழற்சியைப் போலத் தோன்றி மருத்துவரை மயங்கச் செய்வதுண்டு.

நோயறிதல்
அடிவயிற்று வலி, காய்ச்சல், மலப்போக்கில் மாற்றம், குருதியில் வெள்ளணு மிகுதல் ஆகியன முதன்மை அறிகுறிகள். இவற்றை மட்டும் கொண்டு நோயை உறுதிசெய்வது பிழைக்கு இடந்தரும். சி.டி. ஸ்கேன் குடற்சுவர்த் தடிப்பையும் சீழ்க்கட்டியையும் துளையையும் தெளிவாகக் காட்டுவதால் முதன்மைச் சோதனையாகக் கொள்ளப்படுகின்றது. கடும் அழற்சியின்போது பெருங்குடல் அகநோக்கிச் சோதனை துளையை உண்டாக்கக்கூடும். ஆகவே, புற்றுநோய் இல்லையென உறுதிசெய்ய அது தேவைப்படின், 6 முதல் 8 வாரங்கள் கழித்தே மேற்கொள்ளப்படும்.

சிக்கலுற்ற நோயினை ஹிஞ்சியும் உடனாய்வாளரும் 1978இல் நான்கு நிலைகளாக வகுத்தனர். குடலையொட்டிய சீழ்க்கட்டி முதல்நிலை. இடுப்பறை முதலிய தொலைவிடச் சீழ்க்கட்டி இரண்டாம் நிலை. வயிற்றறை முழுதும் சீழ் பரவுதல் மூன்றாம் நிலை. மலம் கசிந்து பரவுதல் நான்காம் நிலை.

மருத்துவ நெறி
சிக்கலற்ற அழற்சிக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து இன்றியமையாதது என்பதே நெடுங்கால வழக்கம். சுவீடன், ஐஸ்லாந்து நாடுகளில் 623 நோயாளரிடம் நிகழ்த்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வு, அம்மருந்து குணமாதலை விரைவுபடுத்தவோ நோய் மீள்வதைத் தடுக்கவோ இல்லை எனக் காட்டியது. நெதர்லாந்தில் 528 நோயாளரிடம் நிகழ்ந்த ஆய்வும் அம்மருந்தின்றிக் குணமாதல் தாழவில்லை எனக் கண்டது. எனவே உடல்நலம் மிக்கோர்க்கு வலிநீக்கியும் கண்காணிப்புமே பல வேளைகளில் போதுமானவை. நோயெதிர்ப்பாற்றல் குன்றியோர்க்கும் குருதி நச்சுநிலை உடையோர்க்கும் இம்முடிவு பொருந்தாது. அவர்க்கு மருந்து கட்டாயமாகும்.

சிறு சீழ்க்கட்டி மருந்தாலேயே அடங்கும். பெரியதாயின் ஊசிக்குழாய் வழியே சீழ் வடிக்கப்படும். சீழோ மலமோ வயிற்றறை முழுதும் பரவின் உடனடி அறுவை பெரும்பாலும் தேவைப்படும். இருமுறை நோயுற்றோர்க்கெல்லாம் அறுவை என்னும் பழைய விதி இன்று கைவிடப்பட்டு, ஒவ்வொருவர் நிலையும் தனித்தே எண்ணப்படுகின்றது.

உணவு பற்றிய கருத்தும் மாறியுள்ளது. கொட்டைகளும் விதைகளும் பைகளில் சிக்கி நோயைத் தூண்டும் என அவை விலக்கப்பட்டன. அமெரிக்க ஆடவர் 47,228 பேரை 18 ஆண்டுகள் தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்வு, கொட்டைகளாலும் சோளப்பொரியாலும் நோயிடர் மிகவில்லை எனக் கண்டது. நார்ச்சத்து மிகுந்த உணவும் உடலுழைப்பும் புகை விலக்கலும் பரிந்துரைக்கப்படுகின்றன.

முடிவுரை
இந்நோயில் இருவகைப் பிழைகள் நேரக்கூடும்: தானே தணியும் அழற்சிக்கு மிகைமருத்துவம் செய்தல், உயிர்க்கு ஊறு செய்யும் துளையைக் காணத் தவறுதல். இவ்விரண்டையும் தவிர்க்க நோயின் நிலையை முதற்கண் உறுதிசெய்தல் வேண்டும். அதன் பின்னரே மருந்தோ அறுவையோ தெரிவு செய்யப்படுதல் தகும்.