ஆள் கடத்தலும் வேலை கொடுப்போர் கடமையும்

நூல் வாங்குமிடத்தில் நெசவாளர் கவனிப்பவை நம்பர், முறுக்கு, விலை ஆகிய மூன்றே. அந்நூலை நூற்றவர் யார், எந்த ஊரினர், எவ்விதமாக ஆலைக்குள் வந்து சேர்ந்தார் என்று கேட்பது நம்மிடையே வழக்கமன்று. பருத்தி விளைவிப்போரும் அவ்வாறே. பொதி கைமாறியதும் அதன் பிற்கதை அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆனால் பருத்திக் காட்டிற்கும் தறிமேடைக்கும் நடுவே நிற்கும் நூற்பாலைகளில் சிலவற்றில், 1990-களின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள், ஏழைக் குடும்பத்துப் பெண்கள் வேலை என்ற பெயரால் அழைத்துவரப்பட்டு மதிலுக்குள் வைக்கப்பட்டனர் என்பது ஆய்வறிக்கைகளால் வெளிப்பட்ட செய்தி. ஆகவே ஆள் கடத்தல் என்பது எங்கோ பெருநகரத்தில் நிகழும் குற்றம் என்றெண்ணி நம் சங்கத்தார் இப்பக்கத்தைப் புரட்டிவிடலாகாது.

ஆள் கடத்தல் என்றவுடன் இரவில் வாயைக் கட்டி வண்டியில் தூக்கிச் செல்லும் காட்சியே பலர் மனத்தில் எழுகிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் பட்டப்பகலில், பெற்றோர் பஸ் நிலையம் வரை வந்து வழியனுப்ப நடைபெறுகிறது. சட்டம் இதனை உணர்ந்தே இருக்கிறது. சுரண்டும் நோக்குடன் ஒருவரை ஏமாற்றியோ, வற்புறுத்தியோ, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ, பணத்தாசை காட்டியோ வேலைக்குச் சேர்ப்பதும், கொண்டு செல்வதும், இடங்கொடுத்து வைத்திருப்பதும், பெற்றுக்கொள்வதும் குற்றமென்று 2013-இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டம் வரையறுத்தது. 2024 ஜூலை 1 முதல் அவ்விதி பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவாக வழங்குகிறது. பாதிக்கப்பட்டவர் தாமே சம்மதித்து வந்தார் என்று கூறி எவரும் தப்ப முடியாது. இடங்கொடுத்தல், பெற்றுக்கொள்ளுதல் என்னும் இரு சொற்களை ஆலை முதலாளிகளும் விடுதிக்காரர்களும் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். தரகன் கொண்டுவருபவனே, பெற்றுக்கொள்ள ஓர் இடம் இல்லையேல் அவன் தொழில் நடவாது.

சுமங்கலித் திட்டம் என்று பெயர் பெற்ற ஏற்பாட்டை நம் வாசகரில் பலர் அறிவர். தென் மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களுக்குத் தரகர் செல்வர். மூன்று ஆண்டுகள் ஆலையில் வேலை, ஆலைக்குள்ளேயே தங்குமிடம், உணவு, முடிவில் திருமணத்திற்கென்று மொத்தமாக ஒரு தொகை என்று துண்டுப் பிரசுரங்கள் கூறின. அத்தொகை 30,000 ரூபாய்க்கும் 60,000 ரூபாய்க்கும் இடைப்பட்டதாகப் பெரும்பாலும் இருந்தது. 1961-இலேயே சட்டத்தால் விலக்கப்பட்ட வரதட்சணைக்கு ஆலை மதிலுக்குள் ஒரு சேமிப்புத் திட்டம் ஏற்பட்டதை எண்ணினால் வேதனையே மிஞ்சுகிறது. மாதந்தோறும் கையில் வந்தது சிறு தொகை. எஞ்சியது நிர்வாகத்திடமே நின்றது. வாயிலைத் தாண்டி வெளியே செல்லவும், வீட்டாருடன் தொலைபேசியில் பேசவும் கட்டுப்பாடுகள் இருந்தன. பஞ்சுத் தூசியாலும் இரவு முறைவேலையாலும் உடல்நலம் கெட்டு, தவணை முடியுமுன் வீடு திரும்பிய பெண்களில் பலர் அந்தத் தொகையை இழந்தனர். 2011-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கையும், 2014-இல் அவற்றின் தொடர் அறிக்கையும் இவற்றை விரிவாகப் பதிவு செய்தன. எல்லா ஆலைகளும் இவ்வாறு நடந்தன என்று கூறுவது அநியாயமாகும். மாதச் சம்பளத்தைக் குறையாமல் கொடுத்த ஆலைகளும் உண்டு. பின்னர் அத்திட்டத்தின் பெயர் சுவரொட்டிகளிலிருந்து மறைந்தது. எனினும் ஆலை விடுதிகள் மறையவில்லை. இப்பொழுது அவற்றில் ஒடிஸா, ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களின் பெண்களும் தங்கியுள்ளனர். மொழி அறியாத ஊரில் மதிலின் உயரம் இன்னும் ஓரிரு முழம் கூடிவிடுகிறது.

இம்முறையில் ஆளைப் பிடித்து வைத்தது பூட்டன்று, கணக்கு. தொடக்கத்தில் கொடுக்கும் முன்பணம் ஒன்று, முடிவில் கொடுப்பதாகச் சொல்லி நிறுத்திவைக்கும் கூலி மற்றொன்று. முன்பணம் பெற்றவன் கடனாளி என்ற நாணத்தால் நிற்கிறான். கூலி நிலுவையில் உள்ளவள் அதனை இழக்க மனமின்றி நிற்கிறாள். இரண்டும் இருந்தால் காவற்காரன் தேவையில்லை. இது புதிய தந்திரமும் அன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம்மவரைக் கொண்டு சென்ற கங்காணிகள் காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. அத்தொழிலாளர் மீதுள்ள கடன் இவ்வளவு, இதனைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துச் செல்லலாம் என்று தோட்டத்தார் எழுதிக் கொடுப்பர். கடனோடு ஆளும் ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குக் கைமாறினர். அத்துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சீட்டு ஒழிந்தது, அதன் கணக்கு இன்னும் பல தொழில்களில் வழங்கிவருகிறது.

அரசியல் சாசனத்தின் 23-ஆம் விதி மனித வாணிபத்தையும் கட்டாய வேலையையும் தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் நிறைவேறியது. ஒரு கடன் கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை அச்சட்டம் கடன் கொடுத்தவர் மீதே சுமத்தியுள்ளது. தொழிலாளி சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானப் பணிகள் பற்றிய வழக்கில், 1982-இல், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய வேலையே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டங்களைப் பொறுத்தவரை நமக்குக் குறைவில்லை.

குறைவு வேலை கொடுப்போரின் பதிவேட்டில் உள்ளது. தரகனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆள் எடுக்கும் ஸ்தாபனம், அவன் கிராமத்தில் என்ன சொல்லி அழைத்து வந்தான் என்பதை அறியாது, அறியவும் விரும்பாது. ஆதலால் முதலில் செய்யத்தக்கது, தன் சம்பளத்தில் உள்ள ஒருவரை அனுப்பி நேரடியாக ஆள் சேர்ப்பது. பிரயாணச் செலவை நிர்வாகமே ஏற்று, அதனைக் கூலியில் பிடிக்காதிருக்க வேண்டும். சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றைத் தொழிலாளியின் தாய்மொழியில் எழுதிக் கொடுப்பது பெருஞ் செலவன்று. கூலி மாதந்தோறும், முழுமையாக, அவரவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிற்குச் சேர வேண்டும். தந்தையின் கணக்கிலோ மேஸ்திரியின் கணக்கிலோ அன்று. கூலிக் கால அளவு ஒரு மாதத்திற்கு மேற்படலாகாது என்று 1936-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. அப்படியிருக்க மூன்று ஆண்டு முடிவில் கூலி என்ற பேச்சு எவ்வாறு எழுந்தது என்பது வியப்பே. ஆதார் அட்டை, பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றின் மூலத்தை 'பத்திரமாக' வாங்கி வைப்பது கூடாது; பார்த்து, நகல் எடுத்து, உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும். பெண்களுக்கும் சிறுவர்க்குமான விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2014-இல் சட்டம் வந்தது. பதிவு பெற்ற விடுதியாயினும் வேலை நேரம் போக மற்ற நேரத்தில் வாயில் திறந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

நிர்வாகம் தானே தன்னைச் சோதித்துக் கொண்டால் போதும் என்று சிலர் கூறுவர். அது போதாது என்பதற்குத் திண்டுக்கல் ஒரு சான்று. அங்கு ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பெண் தொழிலாளி ஒருவர் 2021-இல் கொலையுண்டதை அடுத்து, பெண்களே தலைமை வகிக்கும் ஒரு தொழிற்சங்கமும் அத்தொழிற்சாலை நிர்வாகமும் 2022 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் அதில் கட்டுப்பட்டது. தொழிலாளரிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் தொழிற்கூடத்தில் இருப்பர். அவர்களிடம் குறையைச் சொல்லலாம். வருடத்திற்கொரு முறை வந்து போகும் தணிக்கையாளருக்குத் தெரியாதது, பக்கத்து இயந்திரத்தில் நிற்பவளுக்குத் தெரியும்.

ஹோட்டல்களின் நிலை இரட்டிப்பானது. அவை வேலை கொடுப்பவை. தங்க இடமும் கொடுப்பவை. சமையற்கட்டிலும் எச்சில் மேசையிலும் சிறுவர்கள் நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். 14 வயதுக்குட்பட்டோரை ஹோட்டல், தேநீர்க் கடை, வீட்டு வேலை ஆகியவற்றில் அமர்த்துவது 2006 அக்டோபரில் தடை செய்யப்பட்டது. 2016-இல் அத்தடை ஏறக்குறைய எல்லா வேலைகளுக்கும் விரிந்தது. மதுரை, தேனிப் பகுதிச் சிறுவர்கள் முன்பணத்திற்காக வடமாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்கு அனுப்பப்பட்ட துயரமும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கதே.

தங்க வருவோரிடத்தில் விடுதிச் சிப்பந்தி காண்பது போலீசார் காண்பதற்கு முந்தியது. ஒரு சிறுமியுடன் வருபவர் அவளது அடையாளச் சீட்டைத் தாமே வைத்திருத்தல், கேட்ட கேள்விக்கு அவளைப் பதில் சொல்லவிடாமை, நாள்தோறும் ரொக்கமாகக் கொடுத்து அறையை நீட்டித்தல், பல நாட்கள் அறையைப் பெருக்க விடாமை, வேளை கெட்ட வேளையில் பலர் வந்து போதல் ஆகியவற்றை அறை துடைக்கும் பெண்ணும் மின்தூக்கிக்காரரும் கவனிக்கின்றனர். கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னால் வேலை போகுமோ என்ற அச்சமே அவர்களைத் தடுக்கிறது. முதலாளி அவ்வச்சத்தை நீக்க வேண்டும். யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைச் சேர்ந்த நாளிலேயே கற்பிக்க வேண்டும். சுவீடனில் 1998-இல் எக்பாட் என்ற அமைப்பு சுற்றுலாத் தொழிலாருடன் தொடங்கிய நடத்தை விதிகளின் சாரமும் ஏறக்குறைய இதுவே. நம் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. குழந்தையைப் பாலியல் முறையில் சுரண்டும் பொருள் எதுவும் கண்ணிற்பட்டால் தெரிவிக்க வேண்டிய கடமையைப் போக்சோ சட்டம், 2012, விடுதி ஊழியர்க்கெனத் தனியே விதித்துள்ளது. ஒழுக்கக்கேடான வாணிபத் தடுப்புச் சட்டப்படி விடுதியின் உரிமம் மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை நிறுத்தப்படலாம். பாதிக்கப்பட்டவர் குழந்தையாயின் ரத்தும் ஆகலாம்.

விழிப்பு வேறு, வம்பு வேறு. வயது வந்த ஆணும் பெண்ணும் மணமாகாதவர் என்ற காரணத்தால் அறையில் தங்குவது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் தெளிவுபடுத்தியுள்ளது. விடுதிக்காரர் தேட வேண்டியது அச்சத்தின் அடையாளங்களை. பிறர் அந்தரங்கத்தை அன்று.

பிறரைக் கூறியபின் நம் வீட்டையும் பார்ப்போம். பட்டுத் தொழிலில் முன்பணத்திற்குக் கட்டுண்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் வாராணசியுடனும் கர்நாடகத்துடனும் காஞ்சிபுரமும் இடம் பெற்றது. குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933-இலேயே சட்டம் இருந்தும், தறிக்குழிக்கு அருகே அவர்கள் அமர்ந்திருந்தனர். அவர்களை அமர்த்தியவர் வெளிநாட்டு முதலாளி அல்லர். நாலு தறி வைத்திருந்த நம்மவரே. விவசாயிகளும் விலக்கல்லர். கரும்பு வெட்டும் கூட்டத்தை மேஸ்திரி அழைத்து வருகிறார். கூலியை அவரிடமே எண்ணிக் கொடுத்துவிட்டு நாம் வீடு திரும்புகிறோம். அவர் அக்குடும்பங்களுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தார், எத்தனை பருவம் அதனைக் கழிக்கிறார் என்று கேட்பதில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் பல மீட்கப்பட்டபோது, அவர்களைப் பிணைத்திருந்த கடன்கள் மிகச் சிறியவை என்பது தெரியவந்தது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் ஒரு நாள் வசூலுக்கும் குறைந்த தொகைக்காக ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் காட்டில் இருந்திருக்கிறது.

கூட்டுறவு இங்கேதான் பயன்பட வேண்டும். தரகன் கொடுப்பது முன்பணம். சங்கம் கொடுக்கக்கூடியதும் பணமே. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, மழை பொய்த்த ஆண்டின் உணவு ஆகிய மூன்றுமே குடும்பங்களைத் தரகனிடம் தள்ளுகின்றன. இவற்றுக்குச் சிறு கடன் கொடுக்க மறுத்து, தறிக்கும் உரத்திற்கும் மட்டுமே கொடுப்போம் என்னும் சங்கம், தன் அங்கத்தினரின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று பின்னர் வியக்க நேரிடும். நூல் கொள்முதல் செய்யும் சங்கங்கள் ஆலையிடம் தரச் சான்று கேட்பது போலவே, ஆலையில் பெண்கள் தங்கும் விடுதி பதிவு பெற்றதா, கூலி மாதந்தோறும் அவரவர் கணக்கிற்குச் செல்கிறதா என்று எழுத்தில் கேட்கலாம். ஒரு சங்கம் கேட்டால் கடிதம் குப்பைக் கூடைக்குப் போகலாம். ஒரு மாவட்டத்துச் சங்கங்கள் யாவும் கேட்டால் பதில் வரும்.

ஐயம் எழுமிடத்தில் குழந்தைகளுக்காக 1098, பெண்களுக்காக 181, அவசரத்திற்கு 112 என்ற எண்களைச் சங்க அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். கொத்தடிமைத்தனம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம். மீட்கப்பட்டவர்க்கு விடுதலைச் சான்றிதழ் கிடைத்ததா என்று காரியதரிசி நேரில் சென்று விசாரிப்பது அவசியம். அச்சான்றிதழ் இன்றேல் மறுவாழ்வு உதவி கைக்கு வராது, பழைய கடனும் வீட்டு வாசலுக்கே திரும்ப வரும்.

பள்ளித் தேர்வுகள் முடிந்து பெண்கள் வீட்டில் இருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களே தரகர் வருகைக்கு ஏற்ற காலம். ஆதலால் குடும்பச் செலவுக்கான கடன் விண்ணப்பங்களைச் சங்கங்கள் பங்குனி மாத நிர்வாகக் கூட்டத்திலேயே எடுத்து முடித்துவிடுதல் நலம்.