எண்ணெய் செல்லும் வழி

மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழும் வரலாறும் கற்ற ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன தகுதி உண்டு என்று நீங்கள் வினவலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். எஞ்சின் விடயத்தில் நான் ஒரு தவறு செய்தேன். அதற்குரிய விலையையும் கொடுத்தேன். அத்தவறு பிறருக்கும் நேராதிருக்கவே இன்று பேச முற்படுகின்றேன்.

என்னிடமுள்ள வண்டி, ஆமையின் ஓடுபோல் முதுகு வளைந்த பழைய வோக்ஸ்வாகன் பீட்டில். 1938ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருப்பெற்ற இவ்வகை வண்டி, 2003ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் இறுதியாகச் செய்யப்படும் வரை, 2 கோடியே 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உலகெங்கும் பரவியது. இன்று புதிய வண்டி கிடையாது. ஆகவே, இருப்பதைப் பழுதுபார்த்துக் காப்பதொன்றே வழி.

இதன் எஞ்சினைக் குளிரச் செய்வதற்குத் தண்ணீர் இல்லை. விசிறி வீசும் காற்று வெப்பத்தின் பெரும்பகுதியைக் கொண்டு செல்கிறது. மற்றொரு பகுதியை எண்ணெய் கொண்டு செல்கிறது. உராய்வைத் தடுத்தல், வெப்பத்தை அகற்றல் என்னும் இரு தொழில்களையும் ஏறத்தாழ இரண்டரை லீற்றர் எண்ணெய் ஓயாது செய்து வருகிறது. அதனை வடிகட்டுவதற்குத் தொழிற்சாலை வைத்தது ஒரு கம்பி வலை மாத்திரமே. நுண்ணிய துகள்கள் அவ்வலையைக் கடந்து செல்லும்.

நான் வாழும் புல்மோட்டையிலோ துகளுக்குப் பஞ்சமில்லை. இங்குள்ள கரையோர மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. அவற்றைப் பிரித்தெடுப்பதற்கென 1957ஆம் ஆண்டில் ஒரு கூட்டுத்தாபனமே நிறுவப்பட்டது. நாட்டுக்குச் செல்வமான அம்மணல் எஞ்சினுக்கு நஞ்சாகும். பெயரிங்கின் மென்மையான உலோகத்தை நோக்க, சிர்க்கோன் மணி பன்மடங்கு கடினமானது. பெயரிங்குக்கும் அதனுள் சுழலும் தண்டுக்கும் இடையே எண்ணெய்க்கென விடப்படும் இடைவெளி, ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அவ்விடைவெளியில் ஒரு மணி புகுந்தால் என்ன விளையும் என்பதை நான் கூறவேண்டியதில்லை.

எண்ணெய் செல்லும் வழியைச் சற்று நோக்குவோம். கந்தளாய்க் குளத்து நீர் மதகின் வழியே வாய்க்காலில் இறங்கி, கிளை வாய்க்கால்களாகப் பிரிந்து வயலைச் சேர்வதுபோல, எண்ணெயும் பம்பிலிருந்து புறப்பட்டு, குளிரூட்டியைக் கடந்து, எஞ்சின் கூட்டினுள் அமைந்த நீண்ட துளைகளின் வழியே ஒவ்வொரு பெயரிங்கையும் சென்றடைகிறது. இத்துளைகள் எவ்வாறு அமைக்கப்பட்டன? வளைந்து செல்லும் துளையைத் துறப்பணத்தால் இடுதல் இயலாது. ஆதலால், கூட்டின் வெளிப்புறத்திலிருந்து நேர்த்துளைகள் பலவற்றை இட்டு, அவை உள்ளே ஒன்றையொன்று சந்திக்குமாறு செய்தனர். பின்னர், வெளியே திறந்திருந்த வாய்களை அலுமினிய அடைப்புகளால் இறுக மூடினர். அடைப்புக்கும் முதற் சந்திக்கும் இடையே ஒரு முட்டுச்சந்து எஞ்சிவிடுகிறது. வாய்க்காலின் கடைமடையில் சேறு தங்குவதுபோல, ஆண்டுக் கணக்கான அழுக்கும், உலோகத் துருவலும், மணலும் அங்கே தங்குகின்றன. கூட்டை வெளியிலிருந்து எத்துணை கழுவினும் அந்த மூலை கழுவப்படுவதில்லை.

என் எஞ்சினை முதன்முறை பிரித்தபோது, எங்களூர்க் கராஜ்கார நானா ஒருவர் இதனை எனக்கு எடுத்துரைத்தார். "சேர், இந்த அடைப்புகளைக் கழற்றி, உள்ளே துப்புரவாக்கி, மரை வெட்டிப் புது அடைப்புப் போடவேண்டும். இன்னும் மூன்று நாள் தாருங்கள்" என்றார். நான் மறுத்தேன். மாகாணத் தமிழ்த்தினப் போட்டி அண்மையில் இருந்தது. செலவும் கூடுதலாகத் தோன்றியது. "வெளியே பளபளவென்றிருக்கிறதே, போதும், மூடுங்கள்" என்றேன். அவர் மனமின்றி மூடினார்.

வண்டி ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியது. போட்டி நாளன்று விடியற்காலையில் மாணவியர் இருவரை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் புறப்பட்டேன். குச்சவெளியை அணுகும்போது எண்ணெய் விளக்கு எரிந்தது. அதனைத் தொடர்ந்து உள்ளே தட்டும் ஓசை எழுந்தது. வண்டியை ஓரத்தில் விட்டு, பேருந்துக்காகக் காத்திருந்து போய்ச் சேர்ந்தோம். ஒருத்தி மேடையேறினாள். மற்றவளின் முறை கடந்துவிட்டிருந்தது. மூன்று மாதம் பயின்ற பேச்சை அவள் எங்கும் பேசவில்லை. "பரவாயில்லை, சேர்" என்று அவள் சொன்னது இன்றும் என் செவியில் இருக்கிறது.

எஞ்சினை மீண்டும் பிரித்தபோது காரணம் விளங்கிற்று. முட்டுச்சந்தில் இறுகிக்கிடந்த அழுக்கைப் புதிய எண்ணெய் இளக்கிப் பெயர்த்துப் பெயரிங்குகளுக்குக் கொண்டு சேர்த்திருந்தது. கிராங்க் தண்டில் ஆழ்ந்த கீறல்கள் விழுந்திருந்தன. அதனை 0.25 மில்லிமீற்றர் கடைந்து குறைக்க நேர்ந்தது. தண்டை இவ்வாறு கடைதல் சில முறைகளே கூடும். அதன்பின் அது பழைய இரும்பு.

இம்முறை நான் அருகிலிருந்து ஒவ்வொரு படியையும் பார்த்தேன். முதலில் அடைப்பின் நடுவே குறியிட்டுச் சிறு துளை இட்டார்; அதில் ஒரு திருகாணியைச் செலுத்தி, ஆணியோடு அடைப்பையும் இழுத்தெடுத்தார். அடைப்பின் பின்னே கரிய பசைபோன்ற சேறு இருந்தது. அதனை விரலில் தேய்த்துப் பார்த்தேன், மணல் நெறுநெறுத்தது.

அடுத்தது, துளையின் வாயை அளவாக அகற்றி மரை வெட்டுதல். இதற்குக் கொள்வது குழாய் மரை. இதன் அளவுப்பெயர் நம்மை ஏமாற்றும். கால் அங்குலக் குழாய் மரை என்பதன் வெளி விட்டம் உண்மையில் அரை அங்குலத்திலும் மிகுதி. மேலும், அமெரிக்க முறைக் கால் அங்குல மரையில் அங்குலத்துக்கு 18 புரிகள். பிரித்தானிய முறையில் 19. கண்ணுக்கு இரண்டும் ஒன்றெனவே தோன்றும். ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதலில் ஏறும். பின்னர் மரையைச் சிதைக்கும். ஆதலால் மரை வெட்டும் டப்பையும் அடைப்பையும் ஒரே முறையில் வாங்குதல் வேண்டும்.

இம்மரை கூம்பு வடிவானது. பதினாறு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் வீதம் விரியும். டப் ஆழச் செல்லுந்தோறும் வாய் அகலும். அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே எனத் திருப்பி, அடிக்கடி அடைப்பை வைத்துப் பார்த்தே வெட்டினார். ஆழம் மிகுந்தால் அடைப்பு உள்ளே சென்று குறுக்கு வழியை மறைத்துவிடும்; அழுக்கை அகற்றப் போய் வழியையே அடைத்தவராவோம். அளவின்றி முறுக்கினாலோ கூடு வெடிக்கும். நீளமாயிருந்த ஓர் அடைப்பை அவர் அரத்தால் ராவிக் குறைத்தார்.

இங்கு ஓர் எச்சரிக்கை. இக்கூடு மக்னீசியக் கலப்புலோகம். துளையிடும்போது உதிரும் துருவல் எளிதில் தீப்பற்றும். அண்மையில் நெருப்போ, பீடியோ கூடாது. துருவலை அவ்வப்போது அகற்றுதல் வேண்டும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது தீயை வளர்க்கும்.

மரை வெட்டிய பின்னரே துப்புரவு தொடங்குகிறது. நீண்ட தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் ஒவ்வொரு துளையையும் தேய்த்து, அமுக்கிய காற்றால் ஊதி, வெள்ளைத் துணியைச் செலுத்தி எடுத்தார். துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை மீண்டும் மீண்டும் செய்தார். கிராங்க் தண்டின் துளைகளுக்கும் இதே முறை. பழைய எண்ணெய்க் குளிரூட்டியை உள்ளே பார்க்க இயலாதாகையால் அதனை மாற்றினார். எஞ்சினைப் பூட்டியபின், தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றி வைத்து, எண்ணெய் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுழற்றினார். எண்ணெய் எங்கும் பரவியதென்று அறிந்த பின்னரே எஞ்சினை இயக்கினார்.

நேயர்களே, உங்கள் வண்டியைப் பழுதுபார்ப்பவர் இன்னும் சில நாள் வேண்டுமென்று கேட்டால், காரணத்தைக் கேளுங்கள். எண்ணெய் வழிகளைத் திறக்கவேண்டும் என்பாராயின், தயங்காது கொடுங்கள். அவர் கேளாவிடின் நீங்களே கேட்டுவிடுங்கள். நான் கொடுக்க மறுத்த மூன்று நாட்களின் விலையைக் கடைசியில் நான் மாத்திரம் செலுத்தவில்லை. ஒரு சிறுமியும் செலுத்தினாள். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு அவளை அதே வண்டியில் அழைத்துச் சென்றேன். புறப்படுமுன் அவள் முன்னிருக்கையில் அமர்ந்து, எண்ணெய் விளக்கையே நோக்கியிருந்தாள். எஞ்சின் இயங்கியதும் அது அணைந்தது. திருகோணமலை சேரும் வரை மீண்டும் எரியவில்லை.