தொண்டைப் புண்: மருத்துவரை நாட வேண்டியது எப்போது?

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு, திவான் ராஜா கேசவதாசர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் அவ்வட்டாரத்தில், தொண்டை வலி கண்டால் சுக்கு, மிளகு, அதிமதுரம் ஆகியவற்றைக் கஷாயமிட்டு அருந்துவோர் பலர். பெரும்பாலான தொண்டை நோவுக்கு இத்தகைய எளிய முறைகளே போதுமானவை. எனினும், கவனியாது விட்ட தொண்டைப் புண் சிறுவரின் இதயத்தையே கெடுத்துவிடக் கூடும். எது எளியது, எது கொடியது என்பதைப் பகுத்தறிவது அவசியமாகும்.

தாமே ஆறும் புண்

தொண்டைப் புண்களில் பெரும்பான்மை வைரஸ்களால் உண்டாகின்றன. மூக்கொழுகல், தும்மல், இருமல், குரல் கம்மல் ஆகியவை உடன் காணப்படும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் நோய் தானே தணியும். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தல், இளஞ்சூடான பானங்கள், ஓய்வு ஆகியவை வலியைக் குறைக்கும். பெனிசிலின் போன்ற மருந்துகளால் இந்நோய்க்குப் பயனில்லை.

இதயத்தைத் தாக்கும் கிருமி

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் நோய் வேறு வகையானது. 5 முதல் 15 வயது வரை உள்ள சிறுவரிடையே இது மிகுதி. திடீரெனக் காய்ச்சல் காணும், விழுங்கும்போது வலிக்கும், டான்சில்கள் சிவந்து வீங்கிச் சீழ்ப் புள்ளிகளுடன் தோன்றும், தாடையின் கீழ் நெறி கட்டும். பெரும்பாலும் இருமலோ சளியோ இராது.

இக்கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள்கள், சிலரிடத்தில், இதயத் திசுவையும் பகையெனக் கருதித் தாக்குகின்றன. தொண்டை நோய் ஆறி இரண்டு அல்லது மூன்று வாரங்கள் சென்றபின் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் தோன்றும். இதுவே வாதக் காய்ச்சல். மூட்டு வலி நீங்கிவிடும். இதய வால்வில் ஏற்பட்ட தழும்போ நீங்குவதில்லை.

பழுதுற்ற வால்வுக்கு மாற்றாகச் செயற்கை வால்வு ஒன்று திருவனந்தபுரத்திலேயே உருவாக்கப்பட்டது. டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிலையத்தார் இயற்றிய அவ்வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அரிய சாதனையே ஆயினும், இத்தகைய வால்வைப் பெற்றவர் இரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுவதும் மருந்து உட்கொள்ள வேண்டும். தொண்டை நோய் கண்ட ஒன்பது நாட்களுக்குள் மருத்துவர் தக்க பெனிசிலின் சிகிச்சையைத் தொடங்குவாராயின், வாதக் காய்ச்சல் வாராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வலி தணிந்துவிட்டது என்று மாத்திரைகளை இடையில் நிறுத்தலாகாது.

தொண்டை அடைப்பான்

சாம்பல் நிறச் சவ்வு தொண்டையில் படர்ந்து, கழுத்தும் வீங்கினால், தொண்டை அடைப்பான் என ஐயுற்று ஒரு நாளும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அச்சவ்வைச் சுரண்ட முயலக் கூடாது. 2016ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இந்நோய் பரவி உயிரிழப்பை விளைவித்தது. தடுப்பூசிகளை உரிய காலத்தில் முழுமையாகப் போட்டுக்கொள்வதே இதற்குக் காப்பு.

கவனிக்க வேண்டிய குறிகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் காணப்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

1. மூச்சுத் திணறல், அல்லது மூச்சு இழுக்கும்போது ஓசை.
2. உமிழ்நீரையும் விழுங்க இயலாமை. வாயைத் திறக்க இயலாமை.
3. கழுத்து வீக்கம், அல்லது தொண்டையில் சவ்வு.

கடுங்காய்ச்சல், சீழ்ப் புள்ளிகள், உடலில் செந்தடிப்பு, ஒரு வாரத்தில் தணியாத வலி, பின்னர்த் தோன்றும் மூட்டு வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரைக் காண வேண்டும். வாயிலோ தொண்டையிலோ மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத புண், குறிப்பாகப் புகையிலை பயன்படுத்துவோரிடம், புற்றுநோய்ச் சோதனைக்கு உரியது.

வகுப்பில் ஒரு சிறுவன் காய்ச்சலுடன் உணவை விழுங்க முடியாது வருந்துவதை முதலில் காண்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. அன்றே பெற்றோருக்கு அறிவிப்பதும், களப் பணியாளர் அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பதும் சிறு செயல்களே. பின்னாளில் பெரும் அறுவைச் சிகிச்சை ஒன்று தேவைப்படாமற் போவதற்கு அவையே காரணமாகலாம்.