கம்பியில்லா வழியும் வந்து சேராத மென்பொருளும்

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களில் கணினித் துறையில் பணியாற்றும் பிள்ளைகள் பலர் உண்டு. அவர்களுக்கு இக்கட்டுரையில் புதிய விஷயம் ஏதும் இராது. ஆனால், கணினியின் உள்ளே என்ன நடக்கிறதென்று அறியாமலே காலை முதல் மாலை வரை அதன் முன் அமர்ந்து பிழைக்கும் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களும் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் பொருட்டே இதனை எழுதத் துணிந்தோம். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் நுழைந்தோம். பிழை இருப்பின் படித்த பிள்ளைகள் பொறுத்தருள்க.

நாம் பணிபுரியும் காரியாலயத்தின் பெயரைச் சொல்வது முறையன்று. தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இரவுகள் இரயிலில் வந்தால் சேரும் ஊர் என்ற அளவில் நிற்க. நம் பிரிவில் 22 கணினிகள் இருக்கின்றன. பழைய கூடத்திலுள்ள 8 கணினிகள் சுவரோரமாக ஓடும் கம்பியால் பிணைக்கப்பட்டவை. இடம் போதாமல் நம்மில் சிலரைப் புதுக் கூடத்துக்கு மாற்றியபோது, "இனிக் கம்பி எதற்கு?" என்று சொல்லி 14 மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள். கூரையில் வெள்ளைத் தட்டுப் போன்ற கருவிகள் இரண்டைப் பொருத்தி வைஃபை இணைப்பும் அளித்தார்கள். காலை இடறும் கம்பி இல்லை. எலி கடிக்குமோ என்ற கவலையும் இல்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சியே.

2025-ஆம் ஆண்டு தை மாதத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மின்னணுக் கையொப்பம் இடும் மென்பொருளின் புதிய பதிப்பு எல்லாக் கணினிகளுக்கும் தானாகவே வந்து சேரும். பணியாளர் எவரும் தம் கையால் எதையும் நிறுவ முயலலாகாது. பிப்ரவரி 15-ஆம் தேதிக்குப் பின் பழைய பதிப்பில் இட்ட கையொப்பம் ஏற்கப்படமாட்டாது என்பது அதன் சாரம். நாமும் தானாக வரும் என்று காத்திருந்தோம். 15-ஆம் தேதி வந்தது, மென்பொருள் வரவில்லை. அதற்கு மாறாக, "பணியாளர்களின் கவனக்குறைவால் புதிய பதிப்பு நிறுவப்படாமல் இருப்பதாகத் தெரிகிறது, விளக்கம் தருக" என்று ஒரு கடிதம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. தொடக்கூடாது என்று சொன்னவர்களே ஏன் தொடவில்லை என்று கேட்டால் குமாஸ்தா என்ன விளக்கம் எழுதுவான்?

கடிதத்துக்குப் பதில் எழுதுவதைவிட வேறொன்று நம் மனத்தை வருத்திக்கொண்டிருந்தது. அம்மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறவிருந்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பெரியவர் ஒருவரும் இருந்தார். பட்டறையில் கலாசியாகச் சேர்ந்து 34 ஆண்டுகள் உழைத்தவர். அவருடைய கணக்கை முடிக்கும் காகிதங்கள் நம் மேசையிலிருந்துதான் கையொப்பம் பெற்று மேலே செல்ல வேண்டும். மார்ச் முதல் தேதிக்குக் குடும்பத்தோடு ஊர் திரும்ப அவர் சீட்டு எடுத்துவிட்டார். குடியிருந்த வீட்டுச் சாமான்களைக் கட்டியும் ஆகிவிட்டது. நாள்தோறும் பகல் உணவு வேளையில் நம் மேசைக்கு வந்து, "தம்பி, நம்ம காகிதம் நகர்ந்துதா?" என்று கேட்பார். "இன்னும் இல்லை, அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லி நமக்கே வெட்கமாகிவிட்டது. "பரவாயில்லை, நீங்க என்ன செய்வீங்க" என்று அவர் சொல்லிப் போவது, கோபித்துக்கொண்டாலும் தாங்கலாமே என்று தோன்றும்படி இருக்கும்.

நமக்குத் தெரிந்த வித்தை பதிவேடு எழுதுவது ஒன்றே. ஆகையால் ஒரு தாளில் 22 கோடுகள் போட்டு, ஒவ்வொரு கணினிக்கும் எதிரே, எந்தக் கூடம், கம்பியா கம்பியில்லாததா, மென்பொருள் வந்ததா இல்லையா என்று குறித்தோம். பழைய கூடத்தின் 8 கணினிகளிலும் வந்திருந்தது. புதுக் கூடத்தின் 14-இல் ஒன்றே ஒன்றில் வந்திருந்தது. அந்த ஒன்று எப்படிப் பிழைத்தது என்று விசாரித்தோம். அதனை வைத்திருந்த நண்பர், பழைய கூடத்தில் ஒருவர் விடுப்பில் இருந்தபோது இரண்டு நாள் அவருடைய மேசையில் அமர்ந்து, அங்கிருந்த கம்பியைத் தம் மடிக்கணினியில் செருகி வேலை பார்த்தவராம். ஆகவே, நோய் கணினியில் இல்லை, வழியில் இருக்கிறது என்று தெளிந்தோம். ஆனால் அதே வழியில் கடிதங்களும் கணக்குகளும் தடையின்றிப் போய் வருகின்றனவே! இம்மென்பொருள் மட்டும் வாராதிருப்பானேன்?

பிப்ரவரி 23-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து நூலகத்தில் அன்பர் ஒருவருடைய மகளைக் கண்டோம். வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். தாளைக் காட்டினோம். அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, காலையில் கணினியைத் திறந்தால் உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அல்லவா? வைஃபை இணைவது அதற்கு முன்னாலா, பின்னாலா?"

அத்தனை நாளும் அதன் முன் அமர்ந்திருந்தும் இதை நாம் கவனித்ததில்லை. திங்கட்கிழமை காலையில் கண்கொட்டாமல் பார்த்தோம். கடவுச்சொல்லை இட்டு, திரை விரிந்து, சில நொடிகள் கழிந்த பிறகே மூலையில் வைஃபைக் குறி தோன்றிற்று. அன்றிரவு தொலைபேசியில் அவளிடம் சொன்னோம். பிறகு அவள் விளக்கியதை நமக்கு விளங்கிய அளவில் இங்கே தருகிறோம்.

நூற்றுக்கணக்கான கணினிகளை ஓரிடத்திலிருந்து ஆள்வதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000-உடன் 'குரூப் பாலிஸி' என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தலைமைக் கணினியில் ஓர் உத்தரவை எழுதி வைத்தால், மற்றக் கணினிகள் தாமே வந்து அதனைப் படித்து நடந்துகொள்ளும். சாதாரண உத்தரவுகளை அவை பகலிலும் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து படிக்கும். ஆனால் கணினிக்கென்று ஒதுக்கப்பட்ட மென்பொருளை நிறுவும் உத்தரவுக்கு மட்டும் ஒரு நியமம் உண்டு. கணினி தொடங்கும்போது, எவரும் தம் பெயரைச் சொல்லி உள்ளே நுழைவதற்கு முன்னரே அந்தக் காரியம் நடந்தாக வேண்டும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது அடியில் கிடக்கும் பலகையை உருவலாகாது அல்லவா? ஆகவே அந்த நியமத்தில் நியாயம் உண்டு.

கம்பியில் பிணைந்த கணினிக்கு இதனால் தொல்லை இல்லை. மின்சாரம் வந்தவுடன் இணைப்பும் வந்துவிடுகிறது. நம் வைஃபையோ, "நீ யார்?" என்று கேட்டுப் பதில் பெற்ற பிறகே வழிவிடும் இனம். அதற்குச் சொல்லத்தக்க பதில் கணினியிடம் இல்லை; குமாஸ்தாவின் பெயரும் கடவுச்சொல்லும்தான் பதில். குமாஸ்தா வந்து அமர்ந்து அவற்றைத் தட்டும்போது, மென்பொருள் நிறுவும் வேளை கடந்துவிடுகிறது. பகலில் கணினி அவ்வுத்தரவைப் படித்து, "அடுத்த முறை தொடங்கும்போது செய்ய வேண்டியது" என்று குறித்துக்கொள்ளும். மறுநாள் தொடங்கும்போது இணைப்பு இராது. தலைமைக் கணினியைக் காணாமல் கைவிட்டுவிடும். பகலில் மறுபடியும் அதே குறிப்பு. இப்படியே நாளைக்கு, நாளைக்கு என்று நாற்பது நாளும் ஓடலாம். இதற்கிடையில், முன்பு ஒருமுறை நுழைந்தவரை இணைப்பு இல்லாதபோதும் கணினி நினைவில் வைத்து உள்ளே விடுகிறது. ஆகவே ஏதோ கோளாறு என்ற சந்தேகமே ஒருவருக்கும் எழுவதில்லை.

இரயில்வேக்காரருக்கு இது புரியாத விஷயமன்று. ஒற்றைத் தடத்தில் ஓட்டுநர் கையில் டோக்கன் பந்து வாராமல் வண்டி நகராது. வண்டி புறப்படும் நேரம் கடந்த பிறகு பந்தைக் கொண்டுவந்து கொடுத்தால், பந்தின் மேல் குற்றமும் இல்லை, வண்டியின் மேல் குற்றமும் இல்லை. வண்டி மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் நம் தாளையும் ஒரு குறிப்பையும் இணைத்துக் கணினிப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளைஞர் நல்லவர். அவரும் 14 இடத்திலிருந்து திட்டு வாங்கிக் களைத்திருந்தார். நம் மடிக்கணினியின் நிகழ்ச்சிக் குறிப்பைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு காலையும் 1129 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தது. தலைமைக் கணினியோடு தொடர்பு கிடைக்காமையால் உத்தரவைச் செயற்படுத்த இயலவில்லை என்பது அதன் பொருள். நம்மைக் கவனக்குறைவுடையவன் என்று எழுதியவர்கள் இதை ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

உடனடியாகச் செய்யத்தக்கது எளிது. அவருடைய அனுமதியின் பேரில் மடிக்கணினியைப் பழைய கூடத்துக்குத் தூக்கிச் சென்று, கம்பியைச் செருகித் தொடங்கினோம். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இதற்கும் காரணம் உண்டாம். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதற்கொண்டு, சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்காகக் கணினி இணைப்புக்குக் காத்திராமலே நம்மை உள்ளே விட்டுவிடுகிறது. ஆகவே முதல் தடவை குறித்துக்கொண்டு, இரண்டாம் தடவை நிறுவும். இரண்டாம் முறை தொடங்கியபோது, "மென்பொருள் நிறுவப்படுகிறது" என்ற வரி திரையில் தோன்றிற்று. அன்று பிற்பகல் பெரியவரின் காகிதம் கையொப்பம் பெற்று மேலே சென்றது. 28-ஆம் தேதி மாலை மாலையும் சால்வையுமாக நின்றவர் கையில் கணக்கு முடிந்த தாளும் இருந்தது.

ஆனால் 14 கணினிகளையும் ஒவ்வொரு முறையும் தூக்கிச் சுமப்பது வைத்தியமாகாது. நிரந்தரப் பரிகாரமாக அவ்விளைஞர் செய்தவை இரண்டு. ஒன்று, குமாஸ்தாவுக்கு இருப்பது போலவே கணினிக்கும் தனியாக ஓர் அடையாளச் சான்று வழங்கியது. அச்சான்றைக் காட்டிக் கணினி தன் பெயராலேயே, ஆள் வருமுன்னரே, வைஃபையில் நுழைந்துவிடும். கம்பி இணைப்புக்கும் கம்பியில்லா இணைப்புக்கும் பொதுவான 802.1எக்ஸ் என்னும் தரமுறை இதற்கு இடம் தருகிறது. மற்றது, தொடங்கும்போது இணைப்புக்காகக் கட்டாயம் காத்திருக்க வேண்டும் என்ற உத்தரவு. இவ்விரண்டும் கணினியை அடைவதற்கே இணைப்பு வேண்டுமே, விதை முந்தியா மரம் முந்தியா என்று நாம் கேட்டோம். அவர் சிரித்தார். இவை சாதாரண உத்தரவுகள் ஆகையால், நாம் நுழைந்து வேலை பார்க்கும் பகல் வேளையிலேயே கம்பியில்லா வழியாக வந்துவிடும் என்றார். அப்படியே வந்தன. மறுவாரம் 8 மடிக்கணினிகளில் மென்பொருள் தானாகவே இறங்கிற்று.

எஞ்சியவை 4. அவற்றுள் மூன்றின் கதை வேடிக்கையானது. அவற்றின் உரிமையாளர்கள் மூவரும் பிரிவிலேயே ஒழுங்கானவர்கள். மாலையில் 'ஷட் டவுன்' செய்து, காலையில் திறப்பவர்கள். மற்றவர்கள் கணினி மந்தமானால் 'ரீஸ்டார்ட்' கொடுத்துவிடும் பொறுமையற்றவர்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' செய்தால் கணினி முழுமையாக அணைவதில்லையாம். உட்பகுதியின் நிலையை வட்டில் பதிந்து வைத்து, காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. ஆகவே அதன் கணக்கில் அது புதிதாகத் தொடங்கவே இல்லை. தொடங்கும்போது நடக்க வேண்டிய காரியங்களும் நடவாமல் போகலாம். 'ரீஸ்டார்ட்' ஒன்றே மெய்யான தொடக்கம். ஒழுங்குக்குக் கிடைத்த பரிசைக் கேட்டு மூவரும் முகம் சுளித்தனர். இரண்டிரண்டு முறை 'ரீஸ்டார்ட்' செய்ததும் குணமாயிற்று.

வேறு காரணங்களும் உண்டு. இணைப்பின் வேகம் நொடிக்கு 500 கிலோபிட்டுக்குக் குறைவென்று கண்டால், மென்பொருள் நிறுவுவதைக் கணினி தானே ஒத்திப்போடும். கம்பியில்லா அலையை இரும்பு பீரோக்கள் நன்றாக மறைக்கும். இரயில்வே காரியாலயத்தில் இரும்பு பீரோவுக்குப் பஞ்சம் ஏது? மேலும், மென்பொருள் வைத்திருக்கும் பொது அறைக்குள் குமாஸ்தாவுக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. எடுக்க வருவது கணினியாகையால் அதற்கும் அனுமதி இருக்க வேண்டும். புதிய நிறுவனங்கள் பலவற்றில் கணினிக்குள் ஒரு சிறு காரியஸ்தனை அமர்த்தி, இணைப்பு உள்ளபோது துண்டு துண்டாக மென்பொருளை இறக்கிக்கொள்ளச் செய்கிறார்களாம். தொடங்கும் வேளைக்குக் காத்திருக்கும் தொல்லையே அதில் இல்லை. நம் காரியாலயத்துக்கும் அது வரக்கூடும்.

கடைசியாக நின்றது 22-ஆம் வரிசைக் கணினி. சான்று இருந்தது, வைஃபைக் குறி மட்டும் தோன்றவில்லை. இளைஞர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு திரையின் மூலையில் தேதியைப் பார்த்தோம். மூன்று ஆண்டுகள் பின்னால் இருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது. சான்று வழங்கிய நாளே அக்கணினிக்கு இன்னும் வரவில்லையாதலால், அதன் கணக்கில் சான்று செல்லாது. தலைமைக் கணினியும் தன் நேரத்துக்கும் மற்றதன் நேரத்துக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் முகம் கொடுப்பதில்லை. நம் இரயில்வேயில் நாள்தோறும் 16 மணிக்கு நிலையங்களுக்கெல்லாம் நேரம் அறிவிக்கும் விதி ஏன் இருக்கிறது என்று அறிந்த நாம், முதலிலேயே கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மின்கலத்துக்கு விண்ணப்பம் எழுதி, அது மூன்று மேசைகள் கடந்து, மூன்றாம் வாரத்தில் வந்தது. மாற்றி, இருமுறை 'ரீஸ்டார்ட்' செய்தோம். தாளில் 22-ஆம் கோட்டுக்கு எதிரே "வந்தது" என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, விளக்கம் கேட்ட கடிதத்தோடு சேர்த்துக் கோப்பில் கட்டி வைத்தோம்.